முதல் நிரலாக்கப் புத்தகத்தையும் தகவல் தொடர்புப் புத்தகத்தையும் எடைபோடுவது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்காக ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஆடி மாதம் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை பாலக்கோட்டுக்கு என்னைத் தேடி வந்தாள். கல்லூரியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு சி மொழிப் புத்தகம், சீனியர் அக்காவிடம் பாதி விலைக்கு வாங்கியது.

"சார், பதினோராம் பக்கத்துல இருக்கிற மாதிரியே ஒரு எழுத்து விடாம அடிச்சேங்க. ஓடவே மாட்டேங்குது. மூணு நாளா பாக்கறேன். எனக்கு இது வராது போலிருக்குங்க சார்."

"கொண்டா பாப்போம்மா."

வாங்கிப் பார்த்தேன். முதல் வரியிலேயே கோனியோ என்ற தலைப்புக் கோப்பைக் கேட்கிறது. அடுத்து வாய்ட் மெயின். அதற்கடுத்து திரையைத் துடைக்கும் கிளியர் ஸ்கிரீன் கட்டளை. மூன்றுமே போர்லாண்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்ட டர்போ சி மென்பொருள் காலத்து வழக்கம். டாஸ் என்ற பழைய இயங்குதளக் கணினிக்காக எழுதப்பட்டவை. அவள் கைபேசியில் இருக்கும் கம்பைலருக்கு, அதாவது நிரலைக் கருவிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருளுக்கு, கோனியோ என்றால் என்னவென்றே தெரியாது. அவள் அடித்ததில் ஒரு பிழையும் இல்லை.

புத்தகத்தின் பிழையைப் பிள்ளை தன் பிழை என்று எடுத்துக்கொண்டாள். "எனக்கு இது வராது" என்ற அந்தச் சொல்லை இந்த இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசல் மிதிக்கிற பிள்ளை புத்தகத்தைச் சந்தேகப்படாது, தன்னைத்தான் சந்தேகப்படும். அதனால் அந்தச் சந்தேகத்தை நாம் முன்கூட்டியே படவேண்டும். வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், பரிந்துரைக்கும் ஆசிரியர், பட்டியல் போடும் நூலகர், தனக்கே தேடும் மாணவர், இவர்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் அளவுகோல் ஒன்றுதான். இரவு ஒன்பது மணிக்கு, கேட்க ஆளில்லாத வீட்டில், நிரல் ஓடாமல் நிற்கும்போது இந்தப் புத்தகம் பிள்ளையோடு கூட வருமா, நடுவழியில் விட்டுவிடுமா? கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதைச் சோதிக்கத்தான்.

முதல் படி: யார் கைக்குப் போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள். பிள்ளையிடம் என்ன கருவி இருக்கிறது? பள்ளியில் எந்த மொழியில் படித்தது? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்கும்? எதற்காகப் படிக்கிறது?

கருவியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பல வீடுகளில் இருப்பது ஒரு கைபேசி, அதுவும் அப்பாவுடையது. சில வீடுகளில் அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த அரசு மடிக்கணினி, பேட்டரி செத்துப் போய், மின்சாரத்தில் செருகினால் மட்டும் எழுந்திருக்கும். எட்டு ஜிபி நினைவகம் கேட்கும் பெரிய மென்பொருளை நிறுவச் சொல்லி ஆரம்பிக்கும் புத்தகம் அந்த வீட்டுக்கு உதவாது, எவ்வளவு நல்ல புத்தகமானாலும்.

மொழி அடுத்தது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் பார்த்திருக்கும். உயிரியல் எடுத்துவிட்டுக் கணினிப் பட்டப்படிப்புக்கு வந்த பிள்ளை எதையுமே பார்த்திருக்காது. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்து, கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு அது மூன்றாவது மொழி. நீள நீளமான ஆங்கில வாக்கியம் எழுதும் ஆசிரியர் அங்கே ஒரு சுவரை எழுப்புகிறார். குட்டி வாக்கியமும் நிறைய படமும் உள்ள புத்தகம் வாசலைத் திறந்து வைக்கிறது.

இரண்டாம் படி: தலைப்புப் பக்கத்தின் பின்புறம்

அட்டையைப் பார்க்காதீர்கள். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். அங்கே "மறுபதிப்பு" என்பதும் "திருத்திய பதிப்பு" என்பதும் வேறு வேறு. மறுபதிப்பு என்றால் பழையதையே திரும்ப அச்சிட்டது. 2022 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது 1998இன் எழுத்தாக இருக்கலாம்.

ஆண்டை மட்டும் நம்பவும் வேண்டாம், உள்ளே அடையாளங்கள் உண்டு. பைத்தான் புத்தகம் என்றால் பிரிண்ட் கட்டளையைத் தேடுங்கள். அதன்பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அது பைத்தான் 2. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தப் புத்தகத்தில் முதல் வரி முதலே இன்றைய கணினி மறுக்கும்.

சி புத்தகம் என்றால் கோனியோ, வாய்ட் மெயின் இரண்டையும் தேடுங்கள். "இன்ட் என்பது 2 பைட்" என்று ஒரு விளக்கமும் இல்லாமல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்ட் என்பது முழு எண்ணை வைக்கும் வகை; டர்போ சியில் அது 2 பைட்தான், இன்றைய சாதாரணக் கம்பைலர்களில் 4. உள்ளீடு வாங்க கெட்ஸ் என்ற செயற்கூற்றை (பங்ஷன்) சொல்லிக் கொடுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு எழுத்து வந்தாலும் அளவு பார்க்காமல் விழுங்கி நினைவகத்தைக் கெடுக்கும் என்பதால், 2011ஆம் ஆண்டுத் தரநிலையில் சி மொழியிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். சி பிளஸ் பிளஸில் ஐயோஸ்ட்ரீம் என்ற பெயருக்குப் பின்னால் புள்ளி எச் இருந்தால் அது 1998 தரநிலைக்கு முந்தைய எழுத்து.

மூன்றாம் படி: மூன்று நிரலை அடித்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். படித்து மட்டும் புத்தகத்தை எடைபோடவே முடியாது. புத்தகத்தின் முதல் கால்பகுதியில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி அத்தியாயங்களில் ஒன்று என்று மூன்று நிரலை எடுங்கள். பிள்ளையிடம் இருக்கும் அதே வகைக் கருவியில், அச்சில் உள்ளபடியே அடியுங்கள். ஓடுகிறதா என்பது முதல் கேள்வி. ஓடிய பிறகு கொஞ்சம் உரசிப் பார்ப்பது இரண்டாவது.

சி புத்தகத்தில் கட்டாயம் பேக்டோரியல் நிரல் இருக்கும், ஒன்றிலிருந்து கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது. 5 கொடுத்தால் 120 என்று அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் 13 கொடுங்கள். மாறியை (வேரியபிள்) இன்ட் என்று அறிவித்திருந்தால், பெரும்பாலும் 193,20,53,504 என்று வரும். உண்மையான விடை 622,70,20,800. நாலு பைட் இன்ட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647. அதைத் தாண்டினால் எண் வழிந்து, மிச்சத்தைக் காட்டுகிறது. பழைய 2 பைட் இன்ட்டில் இந்த வழிசல் 8லேயே வந்துவிடும். 40,320 வரவேண்டிய இடத்தில் கழித்தல் 25,216 என்று காட்டும். கழித்தல் குறியைப் பார்த்தால் பிள்ளைக்கு ஏதோ தப்பு என்றாவது உறைக்கும். 13இன் விடையோ பார்க்க ஒழுங்கான எண், யாருக்கும் சந்தேகம் வராது. ஆகவே இந்த நிரலுக்குப் பக்கத்தில் "12க்கு மேல் இது பொய் சொல்லும், காரணம் இது" என்று ஒரு வரியாவது எழுதிய ஆசிரியர் என் மதிப்பில் உயர்ந்து நிற்கிறார். தானும் அடித்துப் பார்த்தவர் அவர் என்பதற்கு அது சாட்சி.

அடுத்து லீப் ஆண்டு நிரல். 4ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு என்று மட்டும் எழுதியிருந்தால் 1900 கொடுங்கள். லீப் என்று சொல்லும், ஆனால் 1900 லீப் ஆண்டு இல்லை. நூற்றாண்டு முடிவு 400ஆல் வகுபட வேண்டும். 2000 லீப், 1900 இல்லை. இதை விட்டவர் மற்ற இடங்களிலும் அவசரப்பட்டிருப்பார்.

பைத்தான் என்றால் இரண்டு எண்ணை உள்ளீடாக வாங்கிக் கூட்டும் நிரலைப் பாருங்கள். பைத்தான் 3இல் இன்புட் கொடுப்பது எழுத்துச் சரம், எண் இல்லை. மாற்றாமல் கூட்டினால் 5உம் 6உம் சேர்ந்து 56 ஆகும். நல்ல ஆசிரியர் வேண்டுமென்றே முதலில் இந்த 56ஐக் காட்டிவிட்டு, பிறகுதான் மாற்றும் வழியைச் சொல்வார். அதேபோல 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். இதைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பிள்ளை ஒருநாள் தானே அதில் இடறி, கணினி கெட்டுவிட்டது என்று நினைக்கும்.

பழைய சி வழிகாட்டிகளில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒரே கோவையில் (எக்ஸ்பிரஷன்) ஒரே மாறிக்கு முன்னும் பின்னும் கூட்டல் கூட்டல் போட்டு "விடை என்ன?" என்று கேட்பார்கள், விடையும் அச்சிட்டிருப்பார்கள். சி தரநிலைப்படி அப்படிப்பட்ட கோவைக்கு வரையறுத்த விடையே கிடையாது. கம்பைலருக்குக் கம்பைலர் மாறலாம். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். இந்தக் கேள்வியைப் பெருமையாகக் கேட்கும் புத்தகத்தை நான் முதல் புத்தகமாகக் கையில் கொடுப்பதில்லை.

நான்காம் படி: பிழை வந்தால் என்ன சொல்கிறது?

எனக்கு இருக்கும் நேரம் பத்தே நிமிடம் என்றால் இதை மட்டும்தான் பார்ப்பேன். அட்டவணையில் எரர், பிழை, டீபக் போன்ற சொற்கள் எந்தப் பக்கத்தில் முதலில் வருகின்றன? பல புத்தகங்களில் பிழை கையாளல் கடைசி அத்தியாயம். பிள்ளைக்கோ முதல் நாளே வரும்.

ஒரு நல்ல புத்தகத்தில் பதினைந்தாம் பக்கத்துக்குள்ளேயே ஒரு பிழைச் செய்தி அப்படியே அச்சிட்டிருக்கும். அதை எங்கிருந்து படிக்க வேண்டும், அதில் வரி எண் எங்கே, எந்தச் சொல் முக்கியம் என்று பிரித்துக் காட்டியிருக்கும். "அரைப்புள்ளி விட்டது ஐந்தாம் வரியில் என்றாலும் கம்பைலர் ஆறாம் வரியைக் காட்டலாம், ஒரு வரி மேலேயும் பார்" என்று ஒரு வாக்கியம் இருந்தால் போதும், பிள்ளையின் ஒரு இரவு மிச்சமாகும். பைத்தானில் மூடாத அடைப்புக்குறிக்கு முன்பெல்லாம் அடுத்த வரியைக் குற்றம் சொல்லும். 2021இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று அந்த இடத்தையே காட்டுகிறது. பழைய பதிப்பை வைத்து எழுதிய புத்தகத்தில் வேறு செய்தி அச்சாகியிருக்கும். அது குற்றமில்லை. செய்தியைப் படிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்ததா என்பதுதான் முக்கியம்.

ஒரு சின்னச் சோதனை. புத்தகத்து நிரல் ஒன்றில் வேண்டுமென்றே ஒரு மேற்கோள் குறியை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். வந்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, புத்தகத்தை மட்டும் புரட்டி விடை கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். பின்னிணைப்பிலோ அத்தியாய இறுதியிலோ ஒரு துப்பு கிடைத்தால் அது வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைக்கான புத்தகம்.

"இப்போது எல்லாவற்றையும் ஏஐயிடம் கேட்டுக்கொள்ளலாமே" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கேட்கட்டும், நானும் கேட்கிறேன். ஆனால் என்ன கேட்பது என்று தெரிவதற்கே ஒரு வரிசை வேண்டும், அந்த வரிசையைப் புத்தகம் தருகிறது. பிழைச் செய்தியைப் படிக்கத் தெரியாத பிள்ளை, கிடைத்த விடையையும் சரிபார்க்க முடியாமல் அப்படியே ஒட்டிவிடும்.

ஐந்தாம் படி: வரிசையும் பயிற்சியும்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செயற்கூறு எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று பாருங்கள். பாதிப் புத்தகம் தாண்டித்தான் வருகிறது என்றால் அதுவரை எல்லா நிரலும் ஒரே நீள வால். சுட்டு (பாயிண்டர், நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) வரும் இடத்தில் நினைவகத்தைக் கட்டம் கட்டமாகப் படம் போட்டிருக்கிறார்களா? படம் இல்லாமல் சுட்டு சொல்லிக் கொடுத்தவரை நான் நம்புவதில்லை.

பயிற்சிகளில் கோட்பாட்டுக் கேள்வி எத்தனை, எழுதி ஓட்டவேண்டியவை எத்தனை என்று எண்ணுங்கள். முன்னது மிகுந்திருந்தால் அது தேர்வுப் புத்தகம். பயிற்சிக்குத் தேங்காய் விலையும் தக்காளிப் பெட்டியும் வருகிறதா, டாலரும் கேலனும் வருகிறதா என்பதைச் சிலர் பெரிதாகப் பேசுவார்கள். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கணக்குப் போடும் பயிற்சி பிள்ளைக்கு நெருக்கமாக இருக்கும், உண்மைதான். ஆனால் டாலர் கணக்கு வருவதால் ஒரு நல்ல புத்தகத்தைத் தள்ளிவிட மாட்டேன்.

ஆறாம் படி: தகவல் தொடர்புப் புத்தகத்துக்கு வேறு கண் வேண்டும்

நிரலாக்கப் புத்தகத்தில் பொய் இருந்தால் கணினி காட்டிக்கொடுத்துவிடும். வலைப்பின்னல், தகவல் தொடர்புப் புத்தகத்தில் தவறு ஆண்டுக்கணக்காக அச்சிலேயே உட்கார்ந்திருக்கும். அடித்துப் பார்க்க அங்கே நிரல் இல்லை. ஆகவே கணக்கைக் கையில் எடுக்க வேண்டும்.

நான் முதலில் திறப்பது ஷானன் சூத்திரம் வரும் பக்கம். கிளாட் ஷானன் 1948இல் தந்தது, ஒரு தடத்தில் பிழையில்லாமல் அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் தகவல் அனுப்பலாம் என்ற எல்லை. அலைவரிசை அகலத்தை, ஒன்றோடு சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைக் கூட்டி வரும் எண்ணின் இரண்டடிமான மடக்கையால் (லாக்) பெருக்க வேண்டும். வழக்கமான எடுத்துக்காட்டு தொலைபேசிக் கம்பி: அகலம் 3000 ஹெர்ட்ஸ், விகிதம் 30 டெசிபெல். டெசிபெலை அப்படியே சூத்திரத்தில் போடக் கூடாது. 30 டெசிபெல் என்றால் 1000 மடங்கு. 1001இன் மடக்கை ஏறக்குறைய 9.97, பெருக்கினால் நொடிக்கு 29,900 பிட். அவசரக்காரர் 30ஐ அப்படியே போட்டு 31க்கு மடக்கை எடுப்பார், 14,860 சொச்சம் வரும். புத்தகத்தில் எந்த எண் வந்திருக்கிறது என்று பாருங்கள். டெசிபெலை விகிதமாக மாற்றும் அந்த ஒரு வரியைத் தனியாக எழுதிக் காட்டியிருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, தாமதக் கணக்கு. பரவும் நேரத்தையும் அனுப்பும் நேரத்தையும் பல புத்தகங்கள் குழப்புகின்றன. நம் ஊரை வைத்தே போட்டுப் பாருங்கள். தர்மபுரியிலிருந்து சென்னைக்குச் சுமார் 300 கிலோமீட்டர் கண்ணாடி இழை என்று வையுங்கள். இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக ஒரு பிட் போய்ச் சேர 1.5 மில்லி நொடி. அதே இழையில் ஒரு மெகாபைட் கோப்பை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால், 80 லட்சம் பிட்டையும் வெளியே தள்ளி முடிக்க 0.8 நொடி, அதாவது 800 மில்லி நொடி. தூரத்தால் வருவது ஒன்று, வேகத்தால் வருவது இன்னொன்று. வேகத்தைப் பத்து மடங்கு கூட்டினால் இரண்டாவது குறையும், முதலாவது அசையாது. இந்த வேறுபாட்டை எண் போட்டுக் காட்டாத புத்தகத்தைப் படித்த பிள்ளைக்கு, காணொளி அழைப்பு ஏன் தாமதிக்கிறது என்று கடைசிவரை தெரியாது.

பிட், பைட் இரண்டையும் கவனமாக எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆகவே நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு என்றால் பதிவிறக்கம் நொடிக்கு 12.5 மெகாபைட்தான். இதைப் புத்தகம் கலந்து எழுதினால், பிள்ளையின் வீட்டார் இணையம் தருபவரோடு வீணாகச் சண்டை போடுவார்கள்.

பிறகு ஏழு அடுக்கு. வலைப்பின்னல் வேலையை ஏழாகப் பிரித்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ மாதிரியின் ஏழு அடுக்கை எல்லாப் புத்தகமும் சொல்லும், அது தரநிலையாக வந்தது 1984இல். ஆனால் அதற்கு முன்பே, 1983 ஜனவரி 1ஆம் தேதி, இணையத்தின் முன்னோடி வலைப்பின்னலான அர்ப்பாநெட், டி.சி.பி/ஐ.பி என்ற விதித்தொகுப்புக்கு மாறிவிட்டது. இன்றைய இணையம் ஓடுவது அதன்மேல்தான். ஏழு அடுக்கு பேசுவதற்கும் பிரித்துப் பார்ப்பதற்கும் உதவும் சட்டகம் என்று புத்தகம் தெளிவாகச் சொல்கிறதா? இல்லை, உங்கள் கைபேசிக்குள் ஏழு பெட்டி அடுக்கியிருப்பது போல் எழுதுகிறதா?

பழசாகிப் போனவற்றை அடையாளம் காண்பது எளிது. ஐ.பி முகவரியை ஏ, பி, சி வகுப்பாக மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது 1993க்கு முந்தைய உலகம். அந்த ஆண்டில் வகுப்பில்லாத முறை வந்துவிட்டது. 32 பிட் முகவரியில் மொத்தம் 429 கோடி சொச்சம் முகவரிதான் உண்டு, உலக மக்கள்தொகைக்கே போதாது. 128 பிட் கொண்ட ஐ.பி.வி6ஐ இரண்டு வரியில் தாண்டிப் போகும் புத்தகத்தை இன்று ஏற்க முடியாது. வைஃபை பாதுகாப்புக்கு டபிள்யூ.இ.பி முறையைப் பரிந்துரைத்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் போலத் தோன்றும். அதை உடைக்கும் வழி 2001லேயே வெளிவந்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தகவல் தொடர்பில் பழைய புத்தகம் என்றாலே தள்ளிவிடாதீர்கள். ஷானன் எல்லை பழசாகாது. பண்பேற்றம், மாதிரியெடுத்தல், பிழை கண்டறிதல் எதுவும் பழசாகவில்லை. 1990களின் ஒரு நல்ல புத்தகத்தில் இந்த அத்தியாயங்கள் இன்றைய பளபளப்பான பலவற்றைவிடத் தெளிவாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். பிழை பிடிக்கக் கூடுதலாகச் சேர்க்கும் பாரிட்டி பிட் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். 1011001 என்பதில் நான்கு ஒன்று, இரட்டைப் பாரிட்டிக்கு 0 சேர்க்கிறோம் என்று எல்லோரும் எழுதுவார்கள். வழியில் இரண்டு பிட் புரண்டால் ஒன்றுகளின் எண்ணிக்கை மறுபடியும் இரட்டையாகவே இருக்கும், பிழை பிடிபடாது. அதையும் சேர்த்து எழுதியவர்தான் ஆசிரியர்.

கடைசியாக, கையால் செய்து பார்க்க ஏதாவது கொடுக்கிறதா என்று பாருங்கள். இணைப்பைச் சோதிக்கும் பிங், டிரேஸ்ரூட் கட்டளைகள் பெரும்பாலான கணினிகளில் உண்டு. இணைப்பில் போய்வரும் பொட்டலங்களை (பாக்கெட்) காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் இலவசம். பிள்ளை தன் வீட்டு இணைப்பிலேயே டி.சி.பியின் மூன்று கைகுலுக்கல் பொட்டலங்களும் வரிசையாகப் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஏழாம் படி: சொற்கள்

தமிழ்வழிப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்குகிறீர்கள் என்றால் சொல் பட்டியலைப் பாருங்கள். பள்ளியில் மாறி, மடக்கு, அணி, செயற்கூறு என்று படித்த பிள்ளை, கல்லூரியில் வேரியபிள், லூப், அர்ரே, பங்ஷன் என்று கேட்டதும் எல்லாம் புதிது என்று மிரள்கிறது. எல்லாம் தெரிந்ததுதான், பெயர்தான் மாறியிருக்கிறது. பின்னால் இரண்டு பக்கம் இணைச்சொல் பட்டியல் போட்ட தமிழ்ப் புத்தகம் அந்தப் பாலத்தைக் கட்டிக் கொடுக்கிறது.

இதில் ஒரு கண்ணி உண்டு. நம் நூல்களில் அல்காரிதத்துக்கும் நெறிமுறை என்கிறோம், புரோட்டோகாலுக்கும் நெறிமுறை என்கிறோம். நிரலாக்கமும் வலைப்பின்னலும் ஒரே புத்தகத்தில் வந்தால் பிள்ளை திண்டாடிவிடும். முன்னது ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் முறை. பின்னது இரண்டு பேர் பேசிக்கொள்ள முன்கூட்டி ஒத்துக்கொண்ட விதி. இரண்டையும் பிரித்து வேறு சொல்லோ ஒரு விளக்கமோ தந்திருக்கிறாரா ஆசிரியர்? வழக்குச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாலும் எனக்குச் சம்மதம். ஒரே புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சொல், ஏழாம் அத்தியாயத்தில் அதற்கே வேறு சொல் என்று மாறுவதுதான் சம்மதமில்லை.

எட்டாம் படி: ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள்

நாம் விஷயம் தெரிந்தவர்கள். நமக்குப் புரிவதால் புத்தகம் நல்லது என்று நினைத்துவிடுவோம். ஆகவே விஷயம் தெரியாத ஒரு பிள்ளையிடம் இரண்டாம் அத்தியாயத்தைக் கொடுத்து, நாற்பது நிமிடம் கூடவே உட்காருங்கள். உதவி செய்யாதீர்கள். வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

எந்த வரியில் விரல் நிற்கிறது, எந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போகிறது, எங்கே புத்தகத்தை விட்டுவிட்டுக் கைபேசியில் தேடுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். காவேரிப்பட்டணத்துப் பையன் ஒருவன் "இன்ட் மெயின்" என்ற ஒரு வரியில் பத்து நிமிடம் நின்றான். புத்தகம் அதை விளக்கவும் இல்லை, "இது என்னவென்று பிறகு பார்ப்போம், இப்போதைக்கு அப்படியே எழுது" என்று சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் பத்து விநாடியில் தாண்டியிருப்பான். முடிந்ததும் "புரிஞ்சுதாப்பா?" என்று கேட்காதீர்கள், "புரிஞ்சுதுங்க சார்" என்றுதான் வரும். புத்தகத்தை மூடிவிட்டு, நிரலில் ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து பத்து வரை அச்சிட்டதைப் பத்திலிருந்து ஒன்றாக மாற்றச் சொன்னால் போதும்.

ஒன்பதாம் படி: பாடத்திட்டம், விலை, முடிவு

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் பொறியியல் முதல் பருவத்திலேயே பைத்தான் வந்துவிட்டது. கலை அறிவியல் கல்லூரிகள் இங்கே பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன, அவற்றுக்கு வேறு வரிசை. அட்டையில் "பாடத்திட்டப்படி" என்று போட்டிருக்கும் புத்தகம் அலகு வரிசையில் மட்டும் பொருந்தும். தேர்வுக்கு முந்தின வாரம் அது உதவும், அதை நான் கேவலமாகப் பேச மாட்டேன். ஆனால் அதைக் கற்கும் புத்தகமாக வாங்காதீர்கள். கையில் காசு ஒரு புத்தகத்துக்குத்தான் இருக்கிறது என்றால், கற்கும் புத்தகத்தை வாங்கிவிட்டு, பழைய வினாத்தாளைச் சீனியரிடம் நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நூலகத்துக்கு வாங்குபவர்கள் ஒரே தலைப்பில் நாற்பது பிரதி வாங்குவதைக் கைவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் அப்படி வாங்கிய டர்போ சி புத்தகங்கள் அலமாரி நிறைய, அட்டை மடங்காமல் நிற்கின்றன. முதலில் ஒரு பிரதி வாங்கி மேலே சொன்னபடி உரசிப் பாருங்கள், தேறினால் பத்து வாங்கலாம். மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்காதீர்கள். நிரல் ஓடவில்லை, அல்லது பிழைச் செய்தி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் முதல் புத்தகமாக அது வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட புத்தகத்தை என்ன செய்வது? எறிய வேண்டாம், திருத்தச் சீட்டு ஒட்டுங்கள். கணினி அறிவியலாளர் டொனால்டு கனூத் தன் நூல்களில் ஒரு பிழையை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு 2008 வரை 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். 256 என்பது பதினாறடிமான எண் முறையில் 100, ஆகவே அதை ஒரு பதினாறடிமான டாலர் என்று குறிப்பிடுவார். அவர் நூலிலேயே பிழை இருக்கும் என்று அவரே ஒத்துக்கொள்ளும்போது, நம் அலமாரியில் உள்ளதற்கு மட்டும் ஏன் கூச்சம்? ஒரு வெள்ளைத் தாள், பின்னட்டையின் உட்புறத்தில் கொஞ்சம் பசை, பக்க எண், என்ன மாற்ற வேண்டும், ஏன். அவ்வளவுதான்.

பென்னாகரத்துப் பிள்ளையின் புத்தகத்திலும் அன்றைக்கே ஒட்டினோம். முதல் மூன்று வரி என் கையெழுத்து: "பக்கம் 11, கோனியோ வரியை விட்டுவிடவும். கிளியர் ஸ்கிரீன் வரியையும் கடைசி கெட் சிஎச் வரியையும் விட்டுவிடவும். வாய்ட் மெயினுக்குப் பதில் இன்ட் மெயின்." அதன் கீழே இப்போது அவள் கையெழுத்தில் ஒன்பது வரி சேர்ந்திருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது இருந்தது: "பக்கம் 94, பேக்டோரியல். 13 போட்டால் தப்பு. நானே கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்தேன்."